வானத்தில் ஒரு புள்ளி

கோபிசெட்டிபாளையம்
ஞாயிற்றுக்கிழமை

கண்ணு,

நீ அனுப்பிய ஃபோர்ட் கொச்சி படங்களைப் பார்த்தேன். சீனவலைப் படத்தை அம்மா அதற்குள் வீதி முழுக்கக் காட்டிவிட்டாள். ஆனால் மூன்று படங்களில் வானத்தின் வலது மூலையில், ஒரே இடத்தில், கடுகு மாதிரி மங்கலாய் ஒரு கறுப்புப் புள்ளி. முதலில் என் மூக்குக் கண்ணாடியைத்தான் துடைத்தேன். அது இல்லை. உன் கேமராவுக்குள் ஃபிலிமுக்குப் பதிலாகப் படம் பிடிக்கிற தகடு, அந்தச் சென்சாரில் தூசி.

லென்ஸின் முன்பக்கத் தூசி இப்படிப் புள்ளியாய் விழாது. சென்சார் தூசியும் லென்ஸின் துவாரத்தை எஃப் 2.8க்கு அகலத் திறந்தால் கரைந்துவிடும், எஃப் 16க்குச் சுருக்கினால் பளிச்சென்று வந்து நிற்கும். சென்சாரில் படம் தலைகீழாக விழுவதால், படத்தில் மேலே தெரிகிற தூசி உள்ளே கீழ்ப்பக்கம் ஒட்டியிருக்கும். அங்கே பார்.

எங்கே ஏறியது என்றும் தெரியும். பொங்கலுக்கு வந்தபோது சென்னிமலையில் உன் மாமன் தறிக்கூடத்துக்குப் போனோம் அல்லவா? வெயில் கீற்றில் நூல் பஞ்சு பறந்துகொண்டிருக்க, நீ லென்ஸைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, அடுத்ததைப் பைக்குள் துழாவினாய். கேமரா வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்துக் கிடந்தது. மாமன் முன்னால் உன்னைச் சொல்ல மனசு வரவில்லை, பேசாமல் இருந்துவிட்டேன். இனி இப்படிச் செய்: மாட்டப்போகிற லென்ஸின் பின்மூடியை முதலில் தளர்த்தி வை. கேமராவை ஆஃப் செய். வாயைத் தரைப்பக்கம் கவிழ்த்து, இரண்டு மூச்சுக்குள் மாற்று. தறிக்கூடம், மஞ்சள் மண்டி, கடற்கரை மணல், இங்கெல்லாம் மாற்றவே வேண்டாம்.

அந்தத் தூசிக்கு, மெனுவில் சென்சார் கிளீனிங் போட்டுப் பார். போகவில்லையென்றால் அழுத்தினால் காற்று அடிக்கிற ரப்பர் ப்ளோயரால், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, முனை உள்ளே போகாமல் நாலு அழுத்து. வாயால் ஊதிவிடாதே, எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்து விற்கிற காற்றும் ஆகாது, அதிலிருந்து ஈரமாய்ப் பீய்ச்சி அடித்தால் கறை ஆகிவிடும். அதற்கும் அசையாவிட்டால் விவரம் தெரிந்தவரிடம் கொடு.

தூசியைவிட எனக்குப் பயம் கொச்சியின் ஈரம்தான். ஆனி, ஆடியில் நமக்கு இங்கே காற்றுதான் அடிக்கும். உனக்கு அங்கே மழை கொட்டும். ஸ்டுடியோவை மூடியபோது என் நிக்கான் எஃப்எம்2வையும் 50 எம்எம் லென்ஸையும் தோல் உறையோடு பீரோவில் வைத்துப் பூட்டியது உனக்கு நினைவிருக்கும். பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் அடிக்கிற கேமரா, அதற்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். மூன்று ஐப்பசி மழை கழித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், கண்ணாடிக்குள்ளே சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாய் ஃபங்கஸ். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இருட்டும் அடைந்த காற்றும் சேர்ந்தால் வேறென்ன வேண்டும்? கோயமுத்தூரில் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார்கள். ஃபங்கஸ் போய்விட்டது, ஆனால் கண்ணாடிமேல் பூசிய கோட்டிங்கை அது அரித்த தடம் போகவில்லை. முப்பது வருஷம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அலைந்தபோது வராத கேடு, பத்திரமாய் வைத்தபோது வந்தது.

அதனால் வாங்கியதை அலமாரியில் அடைக்காதே. வாரம் ஒருமுறையாவது எடுத்து நாலு படம் எடு. வைக்கும்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வை. ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றும் உள்ளே இருக்கட்டும்; 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நின்றால் போதும், 60ஐத் தாண்ட விடாதே. நீல ஜெல் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். சூடு காட்டினால் மறுபடி நீலமாகும். ஆனால் சமைக்கிற வடச்சட்டியில் வறுக்காதே, அந்த நீலம் வயிற்றுக்கு ஆகாது. பீரோவில் போடுகிற அந்துருண்டை பக்கத்திலேயே வரக்கூடாது.

ஏசி அறையிலிருந்து வெளியே போகும்போது கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடிக்கொண்டு போ. வெளிச்சூட்டுக்குப் பழக அரைமணி நேரம் விடு. சில்லென்று இருக்கிற லென்ஸை வெளியே நீட்டினால் மோர் சொம்பு மாதிரி வேர்த்துவிடும். வேர்த்தால் துடைக்காதே, தானே காயட்டும்.

துடைக்கிற கதை ஒன்று. பண்ணாரி கோயில் குண்டம், அந்தத் தீமிதியைப் படம் எடுத்த வருஷம், லென்ஸில் படிந்த சாம்பலை வேட்டி நுனியால் துடைத்தேன். அதற்கப்புறம் எதிர்வெயிலில் எடுத்ததெல்லாம் வெளிறித்தான் வந்தது. முதலில் ப்ளோயரால் ஊது, பிறகு பிரஷ், கடைசியாகத்தான் துணி. உன் துப்பட்டா துணிக் கணக்கில் வராது.

கார்டை ஃபார்மேட் செய்வதைக் கேமராவிலேயே செய். அதற்கு முன்னால் படங்கள் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். பேட்டரியைக் கொஞ்ச நாள் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வை.

சனிக்கிழமை உன் சித்தப்பா கொச்சி வருகிறார். ப்ளோயர் கொடுத்து அனுப்புகிறேன். அம்மா முறுக்கு டப்பாவையும் அதே பையில் வைத்தாள். ப்ளோயரை எடுத்து வேறு கவரில் போட்டுவிட்டேன். ஊதிய பிறகு, எஃப் 16இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பு சாமி, இல்லையென்றால் நசுங்கி வரும், புள்ளி போயிற்றா என்று எனக்குத் தெரியாது.

அப்பா