ரிப்போர்ட் நார்மல், வலி நிஜம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டுகளை எல்லாம் பார்த்தேன். கோலனாஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) நார்மல், ஸ்கேன் நார்மல், ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் ‘ஐ.பி.எஸ்.’ (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், அதாவது எரிச்சல் குடல் நோய்) என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே நீ ஒரு வரி சேர்த்திருந்தாய்: “அப்போ எல்லாம் என் கற்பனைன்னு சொல்றாங்களாம்மா?” கோபம் நியாயம்தான். “மனசுல ஏதாவது கவலை இருக்கா?” என்று டாக்டர் கேட்ட விதம் உனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது கேட்க வேண்டிய கேள்விதான். போனில் இதை எடுத்தால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

உன் வலி நிஜம். அதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. குடல் சுவரில் மட்டும் பத்துக் கோடிக்கும் அதிகமான நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையையும் வயிற்றையும் இணைக்கிற வேகஸ் நரம்பின் இழைகளில் சுமார் 80 சதவீதம், உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. ஐ.பி.எஸ். உள்ள பலருக்குப் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் சின்ன பலூனை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதினால், மற்றவர்களுக்கு லேசான நிறைவாகத் தெரிகிற அளவிலேயே வலி தொடங்கிவிடுகிறது. கேமராவில் இது எப்படித் தெரியும்? கேமரா குடலின் தோலைப் பார்க்கும், அதன் நரம்பு எவ்வளவு கூர்மையாகிவிட்டது என்று அதற்குத் தெரியாது. குடல் நோய் நிபுணர்கள் உலக அளவில் பின்பற்றும் ரோம் 4 என்ற வரையறை 2016-ல் வந்தது; அதில் ஐ.பி.எஸ். மாதிரியான நோய்களை எல்லாம் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்புக் கோளாறுகள் என்றே வகைப்படுத்திவிட்டார்கள்.

உணர்ச்சி வயிற்றைத் தொடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. 1940-களில் அமெரிக்காவில் ‘டாம்’ என்று குறிப்பிடப்படும் ஒருவர் இருந்தார். சின்ன வயதில் உணவுக்குழாய் வெந்து அடைபட்டதால், அவர் வயிற்றில் துளை போட்டு அதன் வழியாகத்தான் உணவு கொடுத்தார்கள். உல்ஃப், வோல்ஃப் என்ற இரண்டு மருத்துவர்கள் அந்தத் துளை வழியாக இரைப்பையின் உட்சுவரை மாதக்கணக்கில் கவனித்தார்கள். அவர் பயந்தபோது சுவர் வெளிறியது. ஆத்திரப்பட்டபோது சிவந்து, அமிலம் கூடியது. இன்றைக்கும் சொல்வது அதேதான்: பதற்றத்தில் இரைப்பை மெதுவாகிறது, பெருங்குடல் வேகம் பிடிக்கிறது. பரீட்சைக்கு முன்னால் வயிற்றைக் கலக்காத ஆள் யார்?

இதைச் சொல்லும்போது எனக்கே ஓர் எச்சரிக்கை உண்டு. நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அல்சர் வந்தாலே “டென்ஷன் ஆகாதீங்க” என்று சொல்லி அனுப்புவோம். அப்புறம் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாவைக் காட்டினார்கள். 2005-ல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. எத்தனையோ பேருக்கு ஆன்டிபயாட்டிக்கில் குணமானது. ஆகவே யாராவது எடுத்த எடுப்பில் “எல்லாம் மனசுதான்” என்று சொன்னால் நம்பாதே. உனக்குப் பரிசோதனைகள் முடிந்த பிறகுதான் நான் இந்தப் பேச்சையே எடுக்கிறேன்.

குடல் வார்டில் ஒரு பெண்மணி அடிக்கடி வந்து சேருவார். வலி வரும் நேரம், சாப்பிட்டது, கழிவறைக்குப் போனது எல்லாம் கோடு போட்ட நோட்டில் அச்சடித்த மாதிரி எழுதிவைத்திருப்பார். எங்கள் சைக்காலஜிஸ்ட் அதில் இன்னொரு பத்தி சேர்க்கச் சொன்னார், ‘அப்போது என்ன உணர்ந்தீர்கள்’ என்று. அடுத்த முறை பார்த்தால், பத்தி முழுக்க ‘சாதாரணமாக’, ‘சாதாரணமாக’. மாமியாரின் இறுதிச் சடங்கு நடந்த நாளிலும் சாதாரணமாக. அவர் மறைக்கவில்லை தம்பி. எனக்கு அது நிச்சயம். நெஞ்சு படபடத்தது, வயிறு முறுக்கியது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. அது பயமா துக்கமா கோபமா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

1970-களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் இந்த நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர் வைத்தார். இது நோய் இல்லை, ஒருவகைக் குணவாகு. பத்துப் பேரில் ஒருவருக்காவது ஓரளவு இருக்கும் என்கிறார்கள். இத்தாலியில் பியரோ போர்செல்லி என்பவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்ததில், உன்னைப் போன்ற குடல் கோளாறு உள்ளவர்களிடம் இது ஆரோக்கியமானவர்களைவிட மட்டுமல்ல, குடலில் புண்ணும் அழற்சியும் உள்ள நோயாளிகளைவிடவும் அதிகமாக இருந்தது.

அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதை அளக்கும் 20 வாக்கியக் கேள்வித்தாளில், டாக்டர்களுக்கே புரியாத உடல் தொந்தரவுகள் உண்டா என்கிற மாதிரி ஒரு வாக்கியம் வரும். வருடக்கணக்கில் நார்மல் ரிப்போர்ட்டோடு அலைகிறவர் அதற்கு ஆமாம் என்று போடாமல் என்ன செய்வார்? மதிப்பெண் தானாக ஏறும். தவிர, எது முதலில் வந்தது என்பதும் அத்தனை சுலபமில்லை. ஆஸ்திரேலியாவில் 12 வருடம் ஒரே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பதற்றம் இருந்தவர்களில் பலருக்குப் பின்னால் வயிற்றுக் கோளாறு வந்தது. வயிற்றுக் கோளாறு மட்டும் இருந்தவர்களில் பலருக்குப் பின்னால் பதற்றம் வந்தது. பாதை இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது.

இப்போது உன்னிடம் வருகிறேன். பதவி உயர்வு கைக்கு வந்து நழுவியபோது “பரவாயில்லம்மா, விடுங்க” என்றாய். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அந்த வாரம் முழுக்க வயிற்றுப்போக்கு, எது சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று தேடிக்கொண்டிருந்தாய். அதனால்தான் இது வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது. ஆனால் உள்ளே நடந்ததை ஏமாற்றம் என்று அடையாளம் காணாவிட்டால், கையில் மிஞ்சுவது வயிற்றின் முறுக்கு மட்டும். அதை நோய் என்று எடுத்துக்கொள்கிறோம். நோய் என்றதும் கவனமெல்லாம் வயிற்றுக்குப் போகிறது, கவனம் போகப் போக நரம்பு இன்னும் கூர்மையாகிறது. இந்தச் சுற்றை மாத்திரை மட்டும் உடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2017-ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஐ.பி.எஸ். உள்ள 106 பேர். ஒரு குழுவுக்கு மூன்றே அமர்வுகளில் உணர்ச்சியை அடையாளம் கண்டு வெளியே சொல்லப் பழக்கினார்கள். இன்னொரு குழுவுக்கு உடலைத் தளர்த்தும் பயிற்சி. மூன்றாவது குழு சும்மா காத்திருந்தது. காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால், வயிற்றுத் தொந்தரவு தெளிவாகக் குறைந்தது முதல் குழுவுக்குத்தான். தளர்வுப் பயிற்சி மனச்சோர்வைக் குறைத்தது, வயிற்றை அந்த அளவுக்குத் தொடவில்லை. சின்ன ஆய்வுதான், ஒரே ஆய்வை வைத்து ஆட வேண்டாம். இருந்தாலும் உனக்கு யோகா ஆப் டவுன்லோட் செய் என்று சொல்வதைவிட இது பொருந்தும் என்று படுகிறது.

எப்படி ஆரம்பிப்பது? வயிறு முறுக்கும்போது அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் யார் என்ன சொன்னார்கள், நீ என்ன சொல்ல நினைத்து விழுங்கினாய் என்று இரண்டு வரி எழுது. ‘டென்ஷன்’ என்று எழுதாதே, எல்லாவற்றுக்கும் அதையே போட்டுவிடுவாய். எரிச்சலா, அவமானமா, பொறாமையா, பயமா? பொறாமை என்றால் பொறாமை என்றே எழுது, நான் படிக்கப் போவதில்லை. பிடிபடாவிட்டால் உடம்பில் எங்கே இறுகியிருக்கிறது என்று மட்டும் குறித்துவை, பெயர் பிறகு வரும். குடல் நோயாளிகளுக்கென்றே அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை, சி.பி.டி.), குடலை மையமாக வைத்த ஹிப்னோதெரபியும் உண்டு. அவற்றில் பழகியவர் யாராவது இருக்கிறாரா என்று உன் டாக்டரிடமே கேள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, ரத்தசோகை, காய்ச்சல். இதில் எது வந்தாலும் நோட்டை மூடிவைத்துவிட்டு உடனே டாக்டரிடம் போ. எழுதிக் கொடுத்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தாதே. உணவில் எதையாவது விலக்கச் சொன்னால் எத்தனை வாரத்துக்கு என்று கேட்டுக்கொள். நீயாக ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனால் கடைசியில் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். என்மேல் கோபம் இருந்தால் அதையும் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா