தமிழ் வழி ஆசிரியர்கள் எங்கே நின்றுபோகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ் வழிப் பள்ளிகளுக்கு ஆசிரியர் போதவில்லை என்ற செய்தி அவ்வப்போது நாளிதழ்களில் வருகிறது. செய்தியின் கடைசி வரியில் யாராவது ஒருவர் ‘தகுதியான ஆட்கள் கிடைப்பதில்லை’ என்று சொல்லி முடித்திருப்பார். கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ் எடுப்பதும் ஆன்லைன் விண்ணப்பம் நிரப்புவதும் என் தொழில். தகுதியான ஆட்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பது என் மேசையிலேயே தெரிகிறது.

பி.எட். சேர்க்கைக் காலம் வந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு மாநிலத்துக்கும் விண்ணப்பிக்கிறார்கள். வடகரப்பதி, எருத்தேம்பதி, ஒழலப்பதிப் பிள்ளைகளில் பலர் பட்டப்படிப்புக்குப் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் போனவர்கள். கையில் பாரதியார் பல்கலைக்கழகப் பட்டம், வீடு கேரளத்தில். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதை எந்த மாநிலத்தின் விண்ணப்பமும் எதிர்பார்ப்பதாகத் தெரியவில்லை.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிப்படி, பட்டப்படிப்பிலோ முதுகலையிலோ 50 சதவீத மதிப்பெண் இருந்தால் பி.எட். சேரலாம். பொறியியல் பட்டதாரிகளுக்கு 55. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு, ஆனால் எவ்வளவு என்பதை அந்தந்த அரசின் விதிக்கு விட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40. வெளிமாநிலத்தவர் என்று பதிவானால் எந்தச் சாதியாக இருந்தாலும் பொதுப் பிரிவுதான், 50 வேண்டும்.

வடகரப்பதிப் பெண் ஒருத்தி பி.எஸ்சி. கணிதத்தில் 47 சதவீதம் வைத்திருந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் கோபாலபுரத்தில் இருக்கும் அவளுடைய மாமன் மகளுக்கு அதே சாதி, அதே கல்லூரி, ஏறக்குறைய அதே மதிப்பெண். மாமன் மகள் விண்ணப்பித்துவிட்டாள். இவளை வெளிமாநிலத்தவள் என்று கணினியே திருப்பி அனுப்பிவிட்டது. சரி, கேரளத்தில் சேரலாமே என்றால், தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள எல்லாச் சாதியும் கேரளப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்று ஒரு சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டியலுக்கு அப்படி ஒன்று தேவையே இல்லை என்பதால் பெற்றோர் பலருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. பிறகு வெளிமாநிலப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்கு இணையானது என்று சான்று கேட்பார்கள். அதற்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும்போதே சேர்க்கைப் பட்டியல் வெளியாகிவிடும். ‘நாங்கள் எந்த ஊர்க்காரர்கள் அண்ணா?’ என்று அவளுடைய அம்மா என்னைக் கேட்டார். ரேஷன் அட்டையைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இதையெல்லாம் தாண்டிச் சேர்ந்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் படும் பாட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான்.

ஓராண்டாக இருந்த பி.எட். 2015இலிருந்து இரண்டாண்டு ஆனது. நீதிபதி வர்மா தலைமையிலான ஆணையம் 2012இல் ஆசிரியர் பயிற்சியைப் பற்றிச் சொன்னவற்றின் தொடர்ச்சி அது. நல்ல மாற்றம்தான். ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள். வகுப்புக்கும் செய்முறைக்கும் 80 சதவீத வருகை. பள்ளியில் செய்யும் பயிற்சிக்கு 90 சதவீத வருகை. அந்தப் பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம், அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில் வரும். சேர்ந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் படிப்பை முடித்தாக வேண்டும்.

16 வாரத்தை வாரத்துக்கு ஐந்து நாள் என்று கணக்கிட்டால் 80 நாள். அதில் 8 நாள்தான் விடுப்பு எடுக்க முடியும். காய்ச்சல், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதது, பந்த் நாளில் பஸ் இல்லாதது எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்க வேண்டும். எருத்தேம்பதியிலிருந்து முதல் பஸ் பிடித்து, சித்தூரில் மாறி, பாலக்காட்டில் இன்னொரு முறை மாறி, கல்லூரி ஒதுக்கிய பள்ளிக்குப் போகும் பெண்ணுக்கு எட்டு நாள் என்பது பெரிய தொகை இல்லை. எனக்குத் தெரிந்த ஒருத்தி கைக்குழந்தையோடு அப்படிப் போய்வந்தாள். வருகை குறைந்ததால் பள்ளிப் பயிற்சியை மறு ஆண்டு செய்யச் சொன்னார்கள். மூன்றாண்டு வரம்பு நெருங்கிக்கொண்டிருந்ததால் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு முடித்தாள்.

விதியைத் தளர்த்துங்கள் என்று கேட்க நான் எழுதவில்லை. வகுப்பறைக்கே போகாமல் பி.எட். வாங்கியவரிடம் என் பிள்ளையை அனுப்ப எனக்கும் மனம் வராது. 90 இருக்கட்டும், 95 ஆனாலும் இருக்கட்டும். அந்த 16 வாரம் எந்தப் பள்ளியில் கழிகிறது என்பதுதான் என் கேள்வி.

கைக்குழந்தையோடு போய்வந்த அந்தப் பெண் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். அவள் குறி வைத்திருப்பது தமிழ் வழி உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் வேலை. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் அந்த இடங்களுக்குத் தனியாகவே அறிவிப்பு வெளியிடுகிறது. ஆனால் அவளுடைய பயிற்சி முழுவதும் மலையாள வழிப் பள்ளியில் நடந்தது. மலையாளம் அவளுக்குப் பேச வரும், கரும்பலகையில் எழுத வராது. பிள்ளைகள் சிரித்தார்கள். கேரள மாநிலக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் தமிழ் வழி மாணவர்களுக்கென்று தமிழிலேயே பாடநூல் அச்சிடுகிறது. பயிற்சி முடியும் வரை அந்தக் கணிதப் புத்தகத்தை வைத்து அவள் ஒரு பாடம்கூட நடத்தவில்லை. நாளை வேலை கிடைத்தால் முதல் வகுப்பே அவளுக்கு ஒத்திகை.

அந்தப் பக்கம் போய்ப் படிக்கிறவர்களின் கதையும் வேறில்லை. கோவையில் பி.எட். படிப்பவருக்குக் கற்பிக்கும் மொழி தமிழ்தான், ஆனால் கையில் இருப்பது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். திரும்பி வந்து ‘கே-டெட்’ என்ற கேரள ஆசிரியர் தகுதித் தேர்வை எழுத வேண்டும். 150க்குப் பொதுப் பிரிவினர் 90 எடுத்தால்தான் தேர்ச்சி. பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 82.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத் தெரியாமல்தான் வருகிறார்கள். பி.எட். வைத்துக்கொண்டு ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கலாம் என்று பி.எட். சேர வேண்டாம். அதற்கு உரியது தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. வணிகவியல் படித்தவர்களும் கவனிக்க வேண்டும். பி.காம். மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் பி.எட். சேர முடியாது, முதுகலையும் வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். விதி 16 வாரம் என்கிறது. எந்தப் பள்ளி என்பதைக் கல்லூரியும் கல்வித் துறையும் பேசித்தான் முடிவு செய்கின்றன. அப்படியானால் தமிழ் வழியில் கற்பிக்கப் போகிற பயிற்சி மாணவர்களுக்கு, 16இல் எட்டு வாரமாவது சித்தூர் தாலுகாவிலோ இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு பகுதியிலோ உள்ள தமிழ் வழிப் பள்ளிகளை ஒதுக்குவதற்கு யாருடைய கையெழுத்து தடையாக இருக்கிறது? கோவைப் பக்கம் படிக்கும் எங்கள் பிள்ளைகளும் அதே பள்ளிகளுக்கு வந்து பயிற்சி பெற இரண்டு மாநிலக் கல்வித் துறையும் ஓர் ஏற்பாடு செய்தால் போதும். தண்ணீருக்காகப் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் போட்ட மாநிலங்கள்தான் இவை.

தமிழ் வழிப் பள்ளிகள் சிறியவை, வழிகாட்ட மூத்த ஆசிரியர்கள் குறைவு என்று பதில் வரலாம் என்பது எனக்குத் தெரியும். இருக்கும் மூத்தவர்கள் ஓய்வு பெறுவதற்கு முன்னால் அவர்கள் அருகில் நாலு இளையவர்களை உட்கார வைத்தால்தானே அடுத்த தலைமுறை உருவாகும்? மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்கப் போதிய வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பில் 350ஏ பிரிவை 1956இலேயே சேர்த்தார்கள். கட்டடமும் புத்தகமும் வந்துவிட்டன. அவற்றோடு ஆசிரியரும் வர வேண்டும், உயர்நிலை வகுப்பு வரைக்கும்.

மதிப்பெண் சலுகையிலும் ஒரு சிறு திருத்தம் போதும். தமிழ்நாட்டில் பட்டம் பெற்ற, எல்லைத் தாலுகாக்களில் வசிக்கும் தமிழ் வழி மாணவர்களுக்கு, அவர்கள் சாதிக்கு அங்கே என்ன வரம்போ அதையே தமிழ்நாடு அரசு கொடுக்கலாம். எண்ணிக்கை பெரிதாக இருக்காது.

அடுத்த சேர்க்கை அறிவிப்பு வருவதற்கு முன் உங்கள் நிருபர் ஒருவர் பாலக்காடு கல்வித் துணை இயக்குநரிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலை வெளியிட வேண்டுகிறேன். மாவட்டத்தின் தமிழ் வழிப் பள்ளிகளில் கடந்த ஆண்டு பி.எட். பயிற்சி மாணவர்கள் எத்தனை பேர் பாடம் நடத்தினார்கள்?

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.