பாம்பைக் கண்டுபிடித்தவர் பெயர் என்ன? காட்டுயிர்ப் படக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காட்டுயிர் ஆவணப்படம் எடுக்கும் நண்பர்களுக்கும், அவற்றுக்கு விருது கொடுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

சின்ன வயதிலிருந்தே உங்கள் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறவன் நான், அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். கொஞ்ச காலமாக விலங்குகளோடு மனிதர்களையும் சேர்த்துக் கவனிக்கிறேன். யார் வருகிறார்கள், யாருக்குப் பெயர் போடுகிறார்கள், யார் பேசுகிறார்கள், எந்த மொழியில். பெரும்பாலான படங்களில் ஆராய்ச்சியாளர் வந்ததும் அவர் பெயரும் பட்டமும் திரையின் கீழே வந்துவிடும். அவருக்கு முன்னால் தடம் பார்த்து நடந்து, 'இங்கேயே நில்லுங்கள்' என்று கையைக் காட்டுகிறவருக்கு ஒன்றும் வராது. அவர் வாய் திறந்தாலும் இரண்டாவது சொல்லுக்குள் பின்னணிக் குரல் மேலேறி அமுக்கிவிடும்.

பாம்புப் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் இருளர் வரப்பில் பாம்பு தேடுவதைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். வளை வாயில் குந்தி உட்காருவார். மண் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, எச்சம் கிடக்கிறதா, உரித்த சட்டையின் துணுக்கு எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, உள்ளே பாம்பு இருக்கிறதா, இருந்தால் என்ன பாம்பு என்று ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் கடப்பாரையை எடுப்பார். தலைமுறை தலைமுறையாகக் கற்றுத் தேறிய படிப்பு அது. படத்தில் அதற்குச் சில நொடிகள்தான் கிடைக்கிறது, பாம்பு வெளியே வந்ததும் கேமரா தொகுப்பாளர் பக்கம் திரும்பிவிடுகிறது.

இத்தனைக்கும் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் நஞ்சிலிருந்துதான் இந்தியாவின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் ஃபுளோரிடாவுக்கே போய், அங்குள்ளவர்கள் தேடிச் சலித்த பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் பத்மஸ்ரீயும் வந்தது. நாடே பெயர் சொல்லி மரியாதை செய்த பிறகும் படத்தில் பெயர் போட என்ன தயக்கம்?

நீலகிரியிலும் இதே கதைதான். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு சமூகங்கள், ஒவ்வொருவருக்கும் தனி வாழ்முறை. படத்தில் எல்லோரும் 'உள்ளூர்ப் பழங்குடிகள்'. கூடலூர், மசினகுடிப் பக்கம் ஆட்களையும் மாடுகளையும் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்ற புலியை மூன்று வாரம் தேடி 2021 அக்டோபரில் உயிரோடு பிடித்தபோது, புதருக்குள் முன்னால் போனவர்களில் பழங்குடி வேட்டைத் தடுப்புக் காவலர்களும் இருந்தார்கள். புலியின் எண் எல்லோருக்கும் தெரியும், அவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. ஆளில்லாத காட்டையே திரும்பத் திரும்பக் காட்டினால், உள்ளே குடியிருப்பவரை ஆக்கிரமிப்பாளராகத்தான் ஊர் பார்க்கும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் பட்டா கேட்டு அலைகிறவருக்கு அந்தப் பார்வை எவ்வளவு பெரிய தடை என்று யோசியுங்கள். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் முன்பெல்லாம் கோடையின் தொடக்கத்தில் சருகுக்குச் சிறு தீ வைப்பார்கள்; அதைத் தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி என்கிற அந்நியப் புதர் இப்படி மண்டியது என்கிறார்கள். உண்ணிச்செடியைப் பற்றிப் படம் எடுக்கும்போது அவர்களிடமும் மைக்கை நீட்ட வேண்டாமா?

முடியாத காரியமில்லை. 2023இல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' படத்தில் முதுமலை தெப்பக்காட்டு முகாமில் யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள், உலகம் சப்டைட்டில் படித்துக்கொண்டு கேட்டது. பிறகு அவர்களுக்கும் படக்குழுவுக்கும் இடையில் பணம் பற்றி எழுந்த மனக்கசப்பும் செய்தியில் வந்தது. அதில் யார் பக்கம் நியாயம் என்று பேச நான் வரவில்லை, ஆனால் சம்பளமும் ஒப்பந்தமும் முதல் நாளே அவரவர் மொழியில் பேசி முடிக்கப்பட வேண்டும்.

நடுவர்களே, மதிப்பெண் போடும்போது ஒளிப்பதிவுக்கும் ஒலிக்கும் பக்கத்தில் இதற்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். தடம் பார்த்தவர் பெயர் இறுதிப் பட்டியலில் இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். படம் எடுப்பவர்களே, குரலை மூடாமல் சப்டைட்டில் போடுங்கள், கூடலூர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்காவது கேமரா வேலை கற்றுக்கொடுத்துச் சம்பளத்தோடு குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், விழாவுக்கு அனுப்பும் முன் அந்த ஊரிலேயே படத்தை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். 'இது தப்பு' என்று அவர்கள் சொல்லும் காட்சியை வெட்டுவதற்கு அப்போது நேரம் இருக்கும்.