மேசையில் இருந்த காபி கப்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவில் பிஸ்டல் போட்டிகளுக்குப் போகிற ஒருவர் தன் வீட்டுக் கார் ஷெட்டிலேயே தோட்டா தயாரித்துக்கொள்வதைப் பற்றிக் கட்டுரை போட்டிருந்தீர்கள். கடை முறுக்கைவிட வீட்டில் சுட்ட முறுக்கு மலிவு என்கிற மாதிரி இருந்தது அதன் தொனி. நானும் பன்னிரண்டு வருஷமாக டெக்சாஸில் இதே வேலையைச் செய்கிறவன்தான், அதனால் கட்டுரை மேல் எனக்குக் கோபம் இல்லை. கூடப் போட்டிருந்த படத்தைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். மேசையில் தோட்டா அடைக்கிற பிரஸ், பக்கத்தில் ஒரு காபி கப், வேறு வேறு பவுடர் (தோட்டாவுக்குள் போடுகிற வெடிமருந்து) பாட்டில் இரண்டு, போதாததற்குச் சுவரில் சாய்த்து வைத்த செல்போனில் ஏதோ கிரிக்கெட் மேட்ச். இந்த வேலையில் என்னென்ன கூடாதோ அத்தனையும் ஒரே படத்தில்!

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தோட்டாவில் நாலு உருப்படி: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி கிளப்புகிற பிரைமர் (தீபாவளிக்குப் பிள்ளைகள் அடிக்கிற பொட்டு கேப்புக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்), உள்ளே பவுடர், வாயில் செருகிய குண்டு. சுட்ட பிறகு கூடு மட்டும் மிஞ்சும். அதைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, பழைய அளவுக்கு நெருக்கி, புதுசாக மற்ற மூன்றையும் வைத்து அடைப்பதுதான் ரீலோடிங். ஒலிம்பிக் வீரர்களும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தது, அது தவறு. 2024 பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கிய 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பவுடரே கிடையாது, காற்றழுத்தம்தான். 25 மீட்டர் ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளில் சுடுவது .22 தோட்டா. அதில் பிரைமர் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும், ஒரு தடவை அடித்ததும் விளிம்பு நசுங்கிவிடுவதால் மறுபடி அடைக்கிற பேச்சே இல்லை.

நாங்கள் சுடுவது யுஎஸ்பிஎஸ்ஏ என்கிற அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டி அமைப்பின் போட்டிகளில், ஓடி ஓடிச் சுடுகிற வகை, பெரும்பாலும் 9 மில்லிமீட்டர் தோட்டா. அங்கே 'பவர் ஃபேக்டர்' என்று ஒரு கணக்கு உண்டு. குண்டின் எடையைக் கிரெய்னில் எடுத்து, நொடிக்கு எத்தனை அடி வேகம் என்பதோடு பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம், நம் ஊர்த் தட்டான் நிறுக்கிற குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. கணக்கில் குறைந்தது 125 வர வேண்டும். 124 கிரெய்ன் குண்டு 1,050 அடி வேகத்தில் போனால் 130.2 வரும், அது போதும். கடையில் வாங்கும் தோட்டா பல சமயம் 140-ஐத் தாண்டிவிடும், கை கூடுதலாக உதறும், அடுத்த குறி பிடிக்க அந்த அளவுக்கு நேரமாகும். பெரிய போட்டிகளில் நம் தோட்டாவில் சிலதை வாங்கி, குண்டைப் பிடுங்கி எடை போட்டு, மற்றதைச் சுட்டு வேகமும் அளப்பார்கள். 125-க்குக் கீழே போனால் அந்தப் போட்டியில் சுட்டதற்கு மதிப்பெண்ணே இல்லை. ஆக, 125-க்குக் கொஞ்சம் மேலே, அதற்கு மேல் வேண்டாம் என்கிற மென்மையான தோட்டாவுக்காகத்தான் பலரும் இதில் இறங்குகிறோம். பணம் மிச்சமாவதும் உண்மைதான், ஆனால் 2020, 21-இல் பிரைமர் தட்டுப்பாடு வந்து விலை ஏறியபோது அந்தக் கணக்கும் ஆட்டம் கண்டது.

சரி, செல்போனுக்கு வருகிறேன்.

ஆரம்பித்த மூன்றாவது வருஷம். ராத்திரி ஒன்பதரை மணிக்குத் தோட்டா அடைத்துக்கொண்டிருந்தபோது குன்னூரிலிருந்து அம்மா கூப்பிட்டார், அங்கே காலை. ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டே லீவரை இழுத்துக்கொண்டிருந்தேன். என்னுடையது கூடுகள் நிற்கிற தட்டைக் கையால் சுழற்றுகிற பிரஸ். லீவரை இழுத்தால் பவுடர் விழும், பிறகு தட்டை ஒரு படி திருப்ப வேண்டும். அக்கா மகள் கல்யாணப் பேச்சில் ஓரிடத்தில் லீவரை இழுக்காமலே தட்டைத் திருப்பியிருக்கிறேன். ஒரு கூடு பவுடர் இல்லாமலே குண்டை வாங்கிக்கொண்டு பெட்டிக்குள் போய்விட்டது. அடைத்து முடித்த பிறகு வெளியிலிருந்து பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு வாரம் கழித்துப் போட்டி. ஏழாவதோ எட்டாவதோ சுட்டபோது 'டப்' என்று சோடா மூடி திறந்த மாதிரி ஒரு சத்தம், கையில் உதறலே இல்லை. பிரைமர் மட்டும் வெடித்தால் அதன் விசையே குண்டைப் பேரலுக்குள் (துப்பாக்கிக் குழலுக்குள்) தள்ளி நடுவில் நிறுத்திவிடும். இதை ஸ்க்விப் என்போம். இதில் பயங்கரம் என்னவென்றால், துப்பாக்கி சுடவில்லை என்றால் உடனே ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகர்கிற பாகம்) பின்னால் இழுத்து அடுத்ததைச் சுடு என்றுதான் கையைப் பழக்கி வைத்திருக்கிறோம். மூளை யோசிப்பதற்குள் என் கை ஸ்லைடை இழுத்துவிட்டது, அடைபட்ட குழலுக்குப் பின்னால் முழு பவுடரோடு அடுத்த தோட்டா உட்கார்ந்துவிட்டது. அதைச் சுட்டிருந்தால் குழல் கையிலேயே வெடித்திருக்கலாம். பின்னால் நின்ற நடுவர் "ஸ்டாப்!" என்று கத்திய கத்தலில் விரல் நின்றது. எனக்குக் கோபம்தான் வந்தது, கடிகாரம் ஓடுகிறதே என்று. பேரலைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் வெளிச்சம் தெரியவில்லை. நடுவர் சந்தேகப்பட்டு நிறுத்தி, பேரல் காலியாக இருந்திருந்தால் மறுபடி சுட விட்டிருப்பார்கள். குண்டு சிக்கியிருந்ததால் அதுவரை சுட்டதுதான் கணக்கு. என் இரண்டு கையிலும் பத்து விரல் மிச்சமிருக்கிறது என்பதால் அந்த மதிப்பெண்ணைப் பற்றி இன்றுவரை நான் குறை சொன்னதில்லை.

இதே கவனக்குறைவு எதிர்ப்பக்கமும் போகும். திருப்ப மறந்து லீவரை இரண்டு தடவை இழுத்தால் ஒரே கூட்டில் இரட்டைப் பவுடர். 9 மில்லிமீட்டருக்குப் போடுவது பவுடரைப் பொறுத்து நாலைந்து கிரெய்ன்தான், இரண்டு மூன்று குன்றிமணி எடை. வேகமாக எரிகிற சில பவுடர்கள் அடர்த்தி அதிகம், இரண்டு மடங்கு போட்டாலும் கூட்டுக்குள் அடங்கிக்கொண்டு சத்தம் காட்டாது. அதனால் நான் புதியவர்களுக்குச் சொல்வது, இடத்தை அடைக்கிற பவுடராகப் பார்த்து வாங்குங்கள் என்று. இரட்டையாக விழுந்தால் வழிந்து மேசையில் கொட்டும், தானே காட்டிக்கொடுக்கும். அப்புறம் பிரஸ்ஸுக்கு மேலே சின்ன விளக்கு ஒன்றை மாட்டி, குண்டு வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் என்றால் ஒவ்வொன்றும். நடுவில் யாராவது கூப்பிட்டால், அந்த நேரம் தட்டில் இருக்கிற எல்லாக் கூட்டையும் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். போன் இப்போது சமையலறையில்.

இரண்டு பாட்டில் விஷயமும் அப்படித்தான். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பவுடர்தான் இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே பாட்டிலில் கொட்டி மூடிவிட வேண்டும். மறுநாள் வந்து "இது எந்த பவுடர்?" என்று யோசிக்கிற நிலை வந்தால் அதைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. இன்னொருவர் சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொள்வதும் இதே ரகம்தான். பவுடர் கம்பெனி வெளியிட்ட அட்டவணையில் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற வேண்டும், ஏனென்றால் 9 மில்லிமீட்டர் கூடு சின்னது, குண்டு கொஞ்சம் ஆழமாக உட்கார்ந்தாலும் உள்ளே அழுத்தம் சரசரவென்று ஏறிவிடும். அதற்கு அமெரிக்காவில் வைத்திருக்கிற உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்ட், காரின் டயரில் இருப்பது முப்பத்துச் சொச்சம்.

காபி கப் எதற்குத் தப்பு என்று கேட்பீர்கள். பிரைமரில் ஈயக் கலவை இருக்கிறது. சுட்ட கூட்டை உலர்வாகக் குலுக்கிச் சுத்தம் செய்தால் பறக்கிற தூசியில் அந்த ஈயம் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விரலிலும் கப்பின் விளிம்பிலும் உட்காரும், பிறகு வயிற்றுக்குள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இது பெரிய விஷயம். நான் கூடுகளைத் தண்ணீரில் போட்டுத்தான் கழுவுகிறேன், அந்த மேசையில் எதையும் தின்பதில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் ஈய அளவு பார்க்கிறேன். என் அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், 1903-இல் நிறுவிய வெடிமருந்து ஆலை. கேட்டிலேயே பீடி, தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டுத்தான் எங்களைத் தொடுவார். சின்ன வயதில் அது ஆசாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கட்டுரையில் விட்டுப்போன முக்கியமான ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சொந்த உபயோகத்துக்குத் தோட்டா அடைக்க இங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்றால்தான் வேண்டும். இந்தியாவில் அப்படியில்லை. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி குற்றம், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷச் சிறை. அதை ஒரு வரியாவது போட்டிருக்கலாம். இதைப் படித்துவிட்டு யாராவது ஒரு பையன் யூடியூபைத் திறப்பதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம் வெளியிடுங்கள். படத்தையும் மாற்ற முடிந்தால் நல்லது.

இப்படிக்கு,
குன்னூர்க்காரன், டெக்சாஸ்