கோரிக்கை மனு: செங்கோட்டை–புனலூர் பாதையின் பழைய நிலையக் கட்டடங்கள்

அனுப்புநர்:
ஆரியங்காவு, தென்மலை வட்டாரத் தமிழ்க் கொத்தனார்கள், தச்சர்கள், ரயில் பயணிகள்,
கொல்லம் மாவட்டம், கேரளம்.

பெறுநர்:
கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்,
தெற்கு ரயில்வே, மதுரைக் கோட்டம், மதுரை.

பொருள்: எஞ்சியுள்ள மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) காலக் கட்டடங்களைச் சிமெண்ட் பூசாமல் சுண்ணாம்புக் காரையால் பழுதுபார்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1904 நவம்பரில் இப்பாதை திறந்தபோது செங்கோட்டையும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956-ல் தமிழகத்தோடு சேர்ந்தது. 2010-ல் மீட்டர்கேஜ் நின்று, 2018 முதல் முழுப் பாதையிலும் அகல ரயில் ஓடுகிறது. கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தைப் பார்க்க ஊரே வருகிறது. அதே காலத்து நிலையக் கட்டடங்களைக் கவனிப்பார் இல்லை.

கருங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர், உள்ளே ஏறும் ஈரத்தைக் கல் இணைப்புகள் வழியே வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும். உப்பு பூக்கும், பூச்சு பாளமாகப் பெயரும், உள்ளிருக்கும் பழைய காரையும் பொடியும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் நனைக்கும் மலைச்சரிவு இது. இங்கே அந்தச் சேதம் விரைவாகவே வரும்.

ஆகவே முதலில் கூரையைப் பாருங்கள். சீமை ஓடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 பிடிக்கும். உடைந்ததை மட்டும் மாற்றி, ஓட்டைத் தாங்கும் சட்டங்களில் கரையான் அரித்த ரீப்பர், கைமரங்களை அகற்றி, தண்ணீர் சுவரடியில் தேங்காமல் வடிகால் வெட்ட வேண்டும். இதைச் செய்யாமல் சுவரைத் தொடுவது வீண் செலவு. சுவரில் முளைத்த அரசு, ஆல் கன்றுகளைப் பிடுங்கக் கூடாது. கல்லும் சேர்ந்து வரும். அடியில் வெட்டி, வேரைச் சாகடித்த பிறகே எடுக்க வேண்டும்.

இணைப்புகளில் உள்ள சிமெண்டை உளியால் 20–25 மி.மீ. ஆழம் சுரண்டி, 15 நாளாவது ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 1, செங்கல் தூள் 1 என்ற கலவையால் நிரப்பலாம். பின்பு ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும். வெயிலில் வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும், மழையில் கரையும். அதனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரையே வேலைக்கு ஏற்ற காலம். பணி ஆணை டிசம்பருக்குள் வந்தாக வேண்டும்.

நடைமேடைப் பக்கத் தாழ்வாரத்தில் 25,000 வோல்ட் மின்கம்பிக்கு 2 மீட்டருக்குள் வேலை வந்தால் பவர் பிளாக், அதாவது குறித்த நேரத்துக்கு அந்தக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தும் அனுமதி, வேண்டும். அந்த நேரத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லையேல் ஓட்டைப் பிரித்துவிட்டு ஆட்கள் காத்திருக்க நேரும், இடையில் ஒரு கோடை மழை பெய்தாலும் மரம் நனைந்துவிடும்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்