இருட்டில் ஒரு மாதம்

மன்னார்குடி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. பாப்பாவுக்கு மீன் தொட்டி வாங்கிவிட்டாய் என்று படித்ததும் சந்தோஷத்தோடு ஒரு பயமும் வந்தது. இன்னும் செடி நடவில்லை என்றால் தயவுசெய்து அப்படியே நிறுத்து.

போன வருஷம் நான் செய்த அவசரம் உனக்குத் தெரியாது. தொட்டிச் செடிக்கென்று விற்கும் சத்து மண்ணான அக்வா சாயில் கொட்டி, அன்றைக்கே செடி நட்டு, தினமும் எட்டு மணி நேரம் லைட் போட்டேன். நாலாம் நாளே மீன் விடலாம் என்று கடையில் சொன்னதைக் கேட்டு ஆறு டெட்ரா விட்டேன். இரண்டாம் வாரம் கண்ணாடியெல்லாம் பழுப்புப் பாசி. கிரிப்டோகோரின் என்ற நீர்ச்செடியின் இலைகள் கூழாகக் கரைந்தன. மீன் ஒன்றுகூடத் தங்கவில்லை. புது சாயில் தண்ணீரில் அம்மோனியாவைக் கக்கும், அது மீனுக்கு விஷம், பாசிக்குத் தீனி. இதெல்லாம் அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இந்தத் தடவை இருட்டில் தொடங்கினேன். இரண்டடித் தொட்டியில் சாயில் பரப்பித் தண்ணீர் நிரப்பினேன். ஃபில்டரை ஓடவிட்டு, லைட் போடாமல், கருப்புப் போர்வையால் நாலு பக்கமும் மூடிவிட்டேன். செடியும் இல்லை, மீனும் இல்லை. வெளிச்சம் இல்லாததால் பாசி தலைதூக்கவில்லை. நமக்கு வேண்டிய பாக்டீரியாவுக்கோ வெளிச்சமே தேவையில்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாக ஒரு கூட்டம் மாற்றும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக இன்னொரு கூட்டம் மாற்றும். நைட்ரைட்டும் மீனைக் கொல்லும். நைட்ரேட் செடிக்கு உரம். ஆனால் இவை மெதுவாகப் பெருகுபவை, ஒன்று இரண்டாவதற்கே ஒரு நாள்கூட ஆகலாம். அதனால்தான் இத்தனை வாரக் காத்திருப்பு.

அப்பா தக்கைப்பூண்டை மடக்கி உழுத வயலில் உடனே நாற்று நடவிட மாட்டார், ஞாபகம் இருக்கிறதா? அது மட்கட்டும் என்று ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் கட்டி வைப்பார். "சேறு அடங்கட்டும்டா" என்பார். போர்வையைத் தூக்கிப் பார்க்கக் கை துறுதுறுத்த போதெல்லாம் அந்தக் குரல்தான் காதில் கேட்டது.

தண்ணீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் டெஸ்ட் கிட் மட்டும் வாங்கிவிடு, அது இல்லாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். எனக்கு முதல் வாரம் அம்மோனியா ஏறியது, இரண்டாம் வாரம் நைட்ரைட் ஏறியது. நம் பக்கத்து வெயிலில் ஹீட்டர் வேண்டியதில்லை, தண்ணீர் 28 டிகிரியில் தானாக நின்றது. 27ஆம் நாள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம். உன் ஊர் குளிர்ச்சி, ஆறு வாரம்கூட ஆகலாம். சாயில் தண்ணீரைப் புளிப்பாக்கும். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 6க்குக் கீழே போனால் பாக்டீரியாவின் வேலை மந்தமாகும், அதையும் பார்த்துக்கொள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் முறிக்கும் மருந்து விட்டே ஊற்று. கரண்ட் போய் ஃபில்டர் பல மணி நேரம் நின்றால் உள்ளே காற்றில்லாமல் பாக்டீரியா செத்துவிடும், அதை இன்வெர்ட்டரில் போடு. தெரிந்தவர்கள் தொட்டியில் ஓடும் ஃபில்டரின் பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் அதைப் பிழிந்து ஊற்று, அதிலுள்ள பாக்டீரியாவும் வந்துவிடுவதால் நாள் குறையும். ஆனால் நோயில்லாத தொட்டியாக இருக்க வேண்டும்.

இரண்டும் பூஜ்யமான பிறகு முக்கால் பங்குக்கு மேல் தண்ணீரை மாற்று, தேங்கிய நைட்ரேட் போகட்டும். அப்புறம் செடி நடு. ஒன்றிரண்டாக இல்லாமல் நெருக்கமாக நடு. லைட் ஆறு மணி நேரம் போதும். மீன் மெல்ல வரட்டும்.

பாப்பா தினமும் வெறும் தொட்டியைப் பார்த்து ஏமாந்து நிற்பாள் என்பது தெரியும். டெஸ்ட் கிட்டின் நிறத்தை நோட்டில் எழுதும் வேலையை அவளிடம் கொடு. எங்கள் வீட்டில் சின்னவன்தான் எழுதினான். நைட்ரைட் பூஜ்யமான அன்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தான்.

இங்கே பாமணியாற்றில் தண்ணீர் ஓடுகிறது, குறுவை நடவு முடிந்தது. அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். என் கிரிப்டோகோரின் இப்போது பக்கக் கன்று விட்டிருக்கிறது. பத்து கன்று உனக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். அடுத்த மாதம் வரும்போது மூடி இறுகும் டப்பா ஒன்று எடுத்து வா.

அன்புடன்,
உன் மாப்ளே