இறக்கி வைத்த சொல்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கோர்ட்டுக்கு அலைந்ததில் பதில் எழுத முடியவில்லை. பயப்படாதே, சாட்சி சொல்லத்தான் போனேன். எங்கள் தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் பையனை லாரி இடித்ததை நான் நேரில் பார்த்தேன்.

உண்மையே சொல்வேன் என்று உறுதிமொழி எடுத்துவிட்டு, இங்கே மொரீஷியசில் எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் பேசினேன். அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள். "அவன் செருப்பு ஒன்று மட்டும் நடு ரோட்டில் கிடந்தது" என்றபோது, எழுதுகிறவரின் பேனா ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டது. வெளியே வந்ததும் நெஞ்சு லேசாக இருந்தது. பாரத்தை இறக்கி வைத்தேன் என்கிறோமே, அப்படி.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்தச் சொல் மனதுக்குள் வந்தது. சாட்சி சொல்வதை இங்கே பிரெஞ்சில் 'தெபோசே' என்பார்கள். பேங்கில் பணம் போடுவதும் அதே சொல், ஒருவரை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடுவதும் அதே சொல். ஆங்கிலத்தில் 'டெபோஸ்'. பழைய பிரெஞ்சு வழியாகப் போன சொல். அடிப்படைப் பொருள் 'கீழே வை'. ராஜாவை அரியணையிலிருந்து இறக்கினாலும் டெபோஸ்தான். தமிழில் முடியைப் பறித்தார்கள் என்போம், வாக்குமூலம் கொடுத்தான் என்போம். இரண்டுக்கும் ஒட்டே கிடையாது. ஆனால் 'இறக்கி' என்ற சொல்லைப் போட்டுப் பார், இரண்டும் அதற்குள் அடங்கிவிடும்.

சரி, இதை உனக்கு எழுதக் காரணம் இருக்கிறது. உங்கள் வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறதே, அங்கே இருப்பது இலங்கையில் உள்ள கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதி. பிறந்தபோது வைத்த பெயர் கண்ணுசாமி. 1815 மார்ச் 2-ஆம் தேதி ஆங்கிலேயர் போட்ட கண்டி ஒப்பந்தத்தின் 2-ஆவது பிரிவு, அவரை அரச பதவியிலிருந்து 'டெபோஸ்' செய்ததாக அறிவிக்கிறது. அதே சொல்! வேலூரில் சிறையிருந்து 1832-இல் இறந்தார்.

அவரை அரியணையிலிருந்து இறக்க ஆங்கிலேயருக்குத் துணை நின்ற அவருடைய பழைய மந்திரி எகலப்பொல கடைசியில் எங்கே வந்து சேர்ந்தார் தெரியுமா? எங்கள் மொரீஷியசுக்கு. 1825-இல் நாடு கடத்திக் கொண்டுவந்தார்கள், 1829-இல் பாம்பிளமூஸ் பக்கம் இறந்தார். ராஜாவின் கட்டளையால் மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த மனிதர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ராஜா உன் ஊரில், அவர் என் ஊரில். இருவருமே கண்டிக்குத் திரும்பவில்லை. இதை நினைத்து அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் எனக்காகக் கொஞ்சம் பூ வைத்துவிட்டு வா. நான் ஞாயிற்றுக்கிழமை பாம்பிளமூஸ் போகிறேன்.

அப்புறம், அந்தப் பையன் இப்போது கோல் இல்லாமல் நடக்கிறான். நேற்று என் வீட்டு வாசல்வரை வந்துவிட்டுப் போனான்.

அன்புடன்,
உன் நண்பன்